"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரிங்க" என்றுதான் பதில் வரும்

நன்றாகப் பேசவும் கேட்கவும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி வகுப்பு முடிந்ததும் ஒரு தாள் கொடுப்பார்கள். 'நான் தெளிவாகப் பேசுகிறேன்', 'மற்றவர் பேசி முடிக்கும்வரை கேட்கிறேன்' என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று நமக்கு நாமே மார்க் போட வேண்டும். பெரும்பாலும் எல்லாரும் நாலு போடுவோம். அதில் பொய் எதுவும் இல்லை. என்ன சொல்ல வந்தோம் என்பது நமக்கு முன்பே தெரியும், அதனால் நம் பேச்சு நம் காதுக்குத் தெளிவாகத்தான் கேட்கும். எதிரில் இருந்தவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்க அந்தத் தாளில் இடமே கிடையாது.

1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது 3. தட்டுகிறவர் மனசுக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டொக் டொக் மட்டும்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. இந்த டொக் டொக் எவ்வளவு ஆபத்தானது என்று தினமும் பார்க்கிறேன். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். இதைச் சொல்லிவிட்டு "புரிஞ்சுதாங்க?" என்று கேட்டால் எந்த நோயாளியும் "இல்லை" என்று சொல்ல மாட்டார். வெளியே வரிசை நிற்கிறது, நாம் வெள்ளைக் கோட்டில் இருக்கிறோம், அவர் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். "சரிங்க" என்பது நமக்குக் கொடுக்கிற மரியாதை. அதைப் புரிதல் என்று கணக்கில் எழுதிக்கொள்வது நம் தவறு.

நான் நம்புவது ஒரே ஒரு கேள்வியை. "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்மா. வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" அவர் சொல்லச் சொல்ல, என் பேச்சின் உண்மையான மார்க் அங்கே விழுகிறது.

ஒரு அம்மாவிடம், கலங்கலான மருந்து, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட வேண்டும் என்று சொல்லி முடித்து இதைக் கேட்டேன். "இட்லிப் பானையை அடுப்புல வச்சதும் ஊசியப் போட்டுக்கறேன் கண்ணு. வெந்து எடுத்து, சட்னி ஆட்டி, சாப்பிட உக்கார அரை மணி ஆயிரும்" என்றார். எவ்வளவு நேர்த்தியான விளக்கம்! கடிகாரம் பார்க்காத வீட்டுக்கு இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. இப்போது நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதே அம்மா அடுத்து, "ராத்திரிக்கு எட்டு மணிக்கெல்லாம் போட்டுருவேன். பையன் வந்தப்புறந்தான் சாப்பிடறது" என்றார். பையன் எப்போது வருவான்? பத்து ஆகும், சில நாள் அதற்கும் மேலே. ஊசி போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெறும் வயிறு! சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும். "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு இந்தப் பையன் வெளியே வந்திருக்கவே மாட்டான்.

2003-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதே சர்க்கரை நோயாளிகளைப் பற்றியது. மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில், நோயாளி என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டுப் பார்த்தது 12 சதவீதம்தான். அப்படிக் கேட்ட மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை கட்டுப்பாடும் மேலாக இருந்தது. நம் நாட்டில் 2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலேயே நோயாளியிடம் பேசுவதற்குத் தனிப் பயிற்சி சேர்த்திருக்கிறார்கள். மிக நல்ல காரியம். ஊசி அறையில் இருப்பவர்களுக்கும் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவர்களுக்கும் அதே பயிற்சி வேண்டும் என்பேன். கடைசி வார்த்தையை நோயாளி கேட்பது அங்கேதான்.

அடுத்து, கூட வேலை செய்கிறவர்களின் கருத்து. "நான் எப்படிப் பேசறேன்?" என்று கேட்டால் "நல்லாப் பேசறீங்க" என்பார்கள், அதோடு முடிந்தது. "எந்த இடத்துல அவங்க முகம் மாறுச்சு?" என்று கேளுங்கள், பதில் கிடைக்கும். நமக்கு மேலே இருப்பவரைவிட, நம்மோடு அறையில் நின்று பார்க்கிறவரிடம் கேட்பது நல்லது. எங்கள் உதவியாளர் தங்கை ஒருமுறை சொன்னாள்: "அக்கா, நீங்க சிரிஞ்சை அவங்க கையில கொடுத்துட்டுப் பேசாம இருக்கீங்க பாருங்க, அப்பத்தான் அவங்க சந்தேகமே கேக்கறாங்க." அந்த மௌனத்தை நான் ஒரு திறமையாக நினைத்ததே இல்லை. அவள் சொன்ன பிறகு அதைத் தெரிந்தே செய்கிறேன், இன்னும் கொஞ்சம் நீட்டியும் செய்கிறேன். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1955-ல் போட்டுக்காட்டிய 'ஜோஹாரி ஜன்னல்' என்ற படத்தின் நான்கு கட்டங்களில் ஒன்று, மற்றவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது. அதில் குறைகள் மட்டும் இருப்பதாக நினைத்துப் பலர் கேட்கவே பயப்படுகிறார்கள். நம் பலமும் அங்கேதான் மறைந்து கிடக்கிறது.

கருத்து சொல்கிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 1996-ல் குளூகர், டெனிஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள், கருத்து சொல்வதைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் கருத்து சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையிலிருந்து ஆள்மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். "உனக்குப் பேசவே தெரியல" என்பதால் யாரும் திருந்தியதாக நான் பார்த்ததில்லை. "யூனிட்னு சொன்னப்ப அவர் உங்க முகத்தைப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்க்கல" என்றால் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தாளில் நாங்களே போடும் மார்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். எங்களிடம் பேசிவிட்டு வெளியே வரும் ஒருவரை நிறுத்தி, என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வருவதை அப்படியே அதில் எழுதிக் கொடுங்கள்.