உண்மை விளக்கம்: ஆசிய ரக்பி அமைப்பு 2008-இல் பிறந்ததல்ல

"ஆசிய ரக்பி ஒன்றியத்தை 2008-இல் ஐந்து நாடுகள் சேர்ந்து தொடங்கின" என்று பரவும் தகவல் தவறு.

அமைப்பு உருவானது 1968 டிசம்பரில். ஜப்பான், தென் கொரியா, ஹாங்காங், தைவான், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய எட்டும் தொடக்க உறுப்பினர்கள். அடுத்த ஆண்டே டோக்கியோவில் முதல் ஆசியப் போட்டி நடந்தது, ஜப்பான் வென்றது.

2008-இல் தொடங்கியது 'ஆசிய ஐந்து நாடுகள்' என்ற ஐந்து அணிப் போட்டித் தொடர் மட்டுமே. குழப்பத்துக்கு அந்தப் பெயரே காரணம். முதல் தொடரில் ஆடிய கஜகஸ்தான், 1968-இல் சோவியத் ஒன்றியத்தின் பகுதி. அரேபிய வளைகுடா அணியோ பல நாடுகளின் கூட்டணி; 2010 முடிவில் கலைக்கப்பட்டது. கடைசி இடம் பெற்ற அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதால் அந்த ஐந்தும் நிலையானவையாக இருக்கவில்லை. 2015-இல் மேல்பிரிவே மூன்று அணிகளாகச் சுருங்கியது. முதல் தொடரில் ஆடிய ஐந்து அணிகளை நிறுவனர் பட்டியலாகக் காட்டினால், தொடக்கம் முதலே இருந்த இலங்கை வரலாற்றிலிருந்தே விடுபட்டுப் போகிறது.