பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை

சம்பளத்தில் மிச்சம் பிடித்து அரை கிரவுண்டு மனையாவது வாங்கிப் போடலாம் என்று தமிழ்நாட்டில் இறங்கும் எவரும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: "பத்திரம் கைடுலைன் வேல்யூவுக்குத்தான் சார், மீதியைக் கேஷா குடுத்துடுங்க." கைடுலைன் வேல்யூ என்றால் முத்திரைத்தீர்வையைக் கணக்கிட அரசு அந்தந்தப் பகுதிக்கு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. விற்பவர் இதைக் கூச்சமின்றிச் சொல்கிறார், தரகர் தலையாட்டுகிறார், பத்திர எழுத்தர் நான்கு எல்லைகளைக் குறித்துக்கொள்ளும் அதே சாதாரணத்தோடு இதையும் குறித்துக்கொள்கிறார். முழுத் தொகையையும் வங்கி வழியாகவே தருகிறேன், முழு விலையையும் கிரயப் பத்திரத்தில் எழுதுங்கள் என்று நான் சொன்னபோது அங்கிருந்தவர்கள் என்னை ஊருக்குப் புதியவனைப் போலப் பார்த்தார்கள். "அப்படின்னா அவருக்கு வர்ற வரியையும் சேர்த்து நீங்களே குடுத்துடுங்க" என்றார் தரகர். அதாவது, அவருடைய லாபத்துக்கு அவர் கட்ட வேண்டிய வரியை, உண்மையை எழுதச் சொன்ன குற்றத்துக்காக நான் கட்ட வேண்டுமாம்!

இந்த ஏற்பாட்டால் வாங்குபவருக்கும் லாபம்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறதே, அந்தப் பேச்சுதான் என் வயிற்றெரிச்சலுக்கு முதல் காரணம். கணக்கைப் போட்டே பார்க்கலாம். 1,200 சதுர அடி மனையின் சந்தை விலை சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் மொத்தம் 26.40 லட்சம், வழிகாட்டி மதிப்பு 900 ரூபாய் என்றால் பத்திரத்தில் ஏறும் தொகை 10.80 லட்சம். முத்திரைத்தீர்வையும் சொத்து மாற்றத்துக்கான கூடுதல் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். குறைத்து எழுதினால் 97,200 ரூபாய், முழு விலையை எழுதினால் 2,37,600 ரூபாய். இந்த 1,40,400 ரூபாய் வித்தியாசத்தைக் காட்டித்தான் நம்மைச் சம்மதிக்க வைக்கிறார்கள்.

ஆனால் அதே மனையைச் சில ஆண்டுகள் கழித்து, பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ 40 லட்சத்துக்கு விற்க வேண்டி வரும்போது என்ன நடக்கிறது என்பதை எந்தத் தரகரும் சொல்வதில்லை. அப்போது வாங்க வருபவர் வங்கிக் கடனோடு வந்தால் முழுத் தொகையும் கணக்கில் வந்தே தீரும். 2024 ஜூலை 23 முதல் வாங்கிய நிலத்துக்குப் பணவீக்கத்தைக் கழித்துக்கொள்ளும் வசதி கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்றால், கிடைக்கும் ஆதாயத்துக்கு நேராக 12.5 சதவீதம் வரி. உண்மையான விலையையும் பதிவுச் செலவையும் அடக்கவிலையாகக் காட்ட முடிந்திருந்தால் வரி சுமார் 1.40 லட்சத்தோடு முடிந்திருக்கும். பத்திரமோ நாம் 10.80 லட்சத்துக்குத்தான் வாங்கினோம் என்று சாட்சி சொல்வதால், வராத லாபத்துக்கும் சேர்த்துச் சுமார் 3.53 லட்சம் கட்ட வேண்டும். செஸ் அதற்கு மேல். அன்றைக்கு மிச்சமான 1.40 லட்சத்துக்காக இன்றைக்குச் சுமார் 2.13 லட்சம் கூடுதலாகப் போகிறது. கையில் கொடுத்த 15.60 லட்சமும் ஏற்கெனவே வருமான வரி பிடித்தம் போக வந்த சம்பளப் பணம். அதற்கு இரண்டாவது முறையும் வரி கட்டுபவர் நாம். காகிதத்தில் லாபத்தைச் சுருக்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர் முன்பு விற்றவர்.

கடன் விஷயம் இன்னும் கொடுமை. வங்கி பத்திரத்தில் உள்ள தொகையைப் பார்த்துத்தான் மனைக்கடன் தரும். 75 சதவீதம் தருவதாக வைத்துக்கொண்டால், முழு விலைக்கு 19.80 லட்சம் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 8.10 லட்சம்தான் கிடைக்கும். நடுவில் விழும் 11.70 லட்சத்தை மனைவியின் நகையை அடகு வைத்தும், போட்ட சீட்டைத் தள்ளி எடுத்தும், அதுவும் போதாமல் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கியும் புரட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியில் அதில் பாதிக்கும் குறைவான வட்டியில் முடிந்திருக்க வேண்டிய காரியம் இது.

பதிவு நாளன்று நடப்பதைப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திய காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, துணிப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை எடுத்து விற்பவரின் மைத்துனர் எண்ணுகிறார்; ஒரு கட்டில் ரப்பர் பேண்டு அறுந்தால் முதலிலிருந்து எண்ணுகிறார். பதினைந்து லட்சத்துக்கு மேல் கைமாறிய அந்தக் காருக்குள் ஒரு துண்டுச் சீட்டு எழுதப்படுவதில்லை. அதன்பின் உள்ளே போய், பத்திரத்தில் கண்ட 10.80 லட்சத்தையும் பெற்றுக்கொண்டேன் என்று விற்பவர் கையெழுத்துப் போடுகிறார். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது, மீறிப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதம் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லி வழக்கு வந்தால் நீதிமன்றம் அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. அந்தக் கார்கள் மட்டும் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கின்றன.

நாளைக்கு மூலப்பத்திரத்தில் கோளாறு வெளிப்பட்டு, பங்காளி ஒருவர் வழக்குப் போட்டு, கிரயமே செல்லாது என்று ஆகிவிட்டால் எந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பது? காகிதத்தில் இருப்பது 10.80 லட்சம். மீதியைக் கேட்டு வாய் திறந்தால், ரொக்கம் கொடுத்த கதையை நாமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு விசாரணையை வரவழைத்துக்கொள்கிறோம். ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவாக இருந்தாலும் நிலைமை இதுதான். புரமோட்டர் ஏமாற்றினால் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெற உரிமை உண்டு, ஆனால் ரசீது இல்லாத பணத்துக்கு எந்த ஆணையமும் வட்டி வாங்கித் தராது.

இதன் தீங்கு வாங்கியவரோடும் நிற்பதில்லை. நெடுஞ்சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ அரசு நிலம் எடுக்கும்போது, 2013-ஆம் ஆண்டு சட்டப்படி வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களின் விலையையும் வைத்துத்தான் சந்தை மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். ஊரே குறைத்து எழுதியிருந்தால், நிலத்தை விற்கவே நினைக்காத விவசாயிக்கும் அந்தப் பொய் விலையின் அடிப்படையில்தான் இழப்பீடு. பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்று ஊருக்கே தெரியும். அதை நிரூபிக்கக் காகிதம்தான் இருக்காது.

அரசு இதை அறியாமல் இருக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை. 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்க் கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். வருவாய்க் கணக்குக்காக இரண்டு எண்களை மாற்றி மாற்றித் திருகினார்களே தவிர, உண்மை விலையை எழுதுபவருக்கு ஒரு பைசா சலுகை தர எவருக்கும் தோன்றவில்லை. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவாகும் சொத்துக்கு 1 சதவீதம் கட்டணக் குறைப்பு வந்தது, மனமார வரவேற்கிறேன். ஆனால் அதற்கு 10 லட்சம் என்று உச்சவரம்பு வைத்ததால், மதிப்பு இடம்கொடுக்கும் இடங்களில் ஒன்பதே முக்கால் லட்சத்துக்கு எழுதிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, விற்கும் விலையைவிட வழிகாட்டி மதிப்பே அதிகமாக இருக்கிறது. அங்கே கொடுக்காத விலைக்கு முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். வித்தியாசம் 10 சதவீதத்தையும் 50,000 ரூபாயையும் தாண்டினால், அதை வாங்குபவரின் வருமானமாகவே கருதி வரி கேட்கிறார்கள். குறைவாக இருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் அமைப்பு, கூடுதலாக இருக்கும் இடத்தில் மட்டும் எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்க்கிறது!

வழிகாட்டி மதிப்புக்கு மேல் எழுதப்படும் தொகைக்கு முத்திரைத்தீர்வையைப் பாதியாகக் குறையுங்கள். மேலே சொன்ன மனையில் கூடுதலாக எழுதும் 15.60 லட்சத்துக்கு 7 சதவீதத்துக்குப் பதில் மூன்றரை சதவீதம் வாங்கினாலும், இன்றைக்கு ஒரு ரூபாய்கூட வராத இடத்தில் அரசுக்கு 54,600 ரூபாய் வருகிறது. வாங்குபவருக்கு உண்மையான அடக்கவிலை கிடைக்கிறது, வங்கி முழு விலைக்குக் கடன் தருகிறது. கணக்கில் வராத பணம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் விற்பவரைத் தவிர இதில் எவருக்கும் நட்டமில்லை.