கொலைக் கூலிப்பணம் எங்கிருந்து வந்தது?

1969 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சுரங்கத் தொழிற்சங்கவாதி ஜோசப் யப்லொன்ஸ்கி மனைவியுடனும் மகளுடனும் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கூறும் தொலைக்காட்சி நாடகம் பற்றி வாசித்த ஒரு கட்டுரை, கொலையாளிகளைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டுப் பணத்தைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறது. சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் டோனி போயிலைத் தேர்தலில் எதிர்த்த யப்லொன்ஸ்கியைக் கொல்வதற்கான 20,000 டொலர், ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் பெயரில் கணக்கெழுதிச் சங்க நிதியிலிருந்தே எடுக்கப்பட்டது. சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிக்கப்படும் இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து பார்க்கும் எங்களுக்கு, துப்பாக்கியைவிட இந்தக் கணக்குப் புத்தகமே அதிகம் உறுத்துகிறது. 1940இல் இங்கே முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தனைச் சுட்டது பொலிஸ்; யப்லொன்ஸ்கியைச் சுடச் சொன்னவரோ சங்கத் தலைவரே. போயில் வென்ற அத்தேர்தலை நீதிமன்றம் இரத்துச் செய்தபின், 1972 மறுதேர்தலில் உறுப்பினர்களே போயிலைத் தோற்கடித்ததையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.