ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாத டோனர்

வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் போர்டு செய்ய வேண்டுமா, லேசர் பிரிண்டரில் சர்க்யூட்டை அச்சடி, காப்பர் போர்டு மேல் கவிழ்த்து வை, அயர்ன் பாக்ஸால் தேய், அவ்வளவுதான் என்கிறார்கள். அவ்வளவேதானா? சொன்னவர் கையில் கிடைத்தால் தேவலை.

டோனர் என்பது லேசர் பிரிண்டரில் மைக்குப் பதில் இருக்கும் பிளாஸ்டிக் தூள். சூடு குறைந்தால் தாளை விட்டு வராது. கூடினால் நசுங்கிப் பரவி, பக்கத்து ட்ராக்கோடு (மின்சாரம் ஓட வேண்டிய கோடு) சம்பந்தம் பேசிவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறதாம். பாகு பதத்தையாவது விரலால் தொட்டுப் பார்க்கலாம், இதை எதால் தொட்டுப் பார்ப்பது? அயர்ன் பாக்ஸில் காட்டன், சில்க், உல்லன் என்றெல்லாம் போட்டிருக்கிறான். காப்பர் என்று ஒன்று போட்டால் குறைந்தா போய்விடுவான்?

சரி, ஒட்டிவிட்டது என்று தண்ணீரில் ஊறப்போட்டால் அடுத்த கூத்து. அச்சடித்த அந்தப் பளபளப்பான பத்திரிகைத் தாள், கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்கத் திரிதிரியாக உருளும். ஐசி (சிப்) கால்களுக்கான கோடுகளுக்கு நடுவே மட்டும் அந்த வெள்ளை நார் பட்டா போட்டு உட்கார்ந்திருக்கும். டூத் பிரஷ்ஷை எடுத்தால் நார் வராது, ட்ராக் வரும்!

அப்புறம், டோனர் மூடாத காப்பரை அரித்தெடுக்க ஃபெர்ரிக் குளோரைடு. வெறும் 35 மைக்ரான் காப்பரை அரிக்க ஆடி அசைந்து வரும் மகராசன், சட்டையில் ஒரு சொட்டு பட்டதும் என்ன சுறுசுறுப்பு! அந்தப் பழுப்புக் கறை எந்த சோப்புக்கும் அசையாது. கிரவுண்டுக்காக (சர்க்யூட்டின் பொது இணைப்பு) விட்ட பெரிய பரப்பு முழுக்க ஊசி ஊசியாக ஓட்டை வேறு.

இத்தனையும் தாண்டித் தேறிய போர்டில், பாகங்களின் கால் நுழையத் துளை போடும் 0.8 மி.மீ. டிரில் பிட் கடைசித் துளையில்தான் ஒடியும். ஏன், முதல் துளையிலேயே ஒடிந்தால் ஆகாதாமா?