மூணு மில்லையும் சங்கம்தான் மூடிச்சா?

ஞாயிற்றுக்கிழமை நம்ம குரூப் சந்திப்புல நடந்ததைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் மூணு நாளா இருந்தேன். ஆனா அங்க ஒருத்தர் பேசின வீடியோவை இன்னிக்குக் காலை வரைக்கும் நாலு பேர் எனக்கே அனுப்பிட்டாங்க, சிரிக்கிற பொம்மையோட. சரி, எழுதிடறேன்.

யார் பேசினதுன்னு பேர் சொல்லப் போறதில்ல. வந்தவங்களுக்குத் தெரியும். கையில மைக்கு, பக்கத்துல பிரியாணி அண்டா. "நம்ம புதுச்சேரி உருப்படாம போனதுக்கு ஒரே காரணம் யூனியன்காரன்தான். கொடியைத் தூக்கித் தூக்கியே மூணு மில்லையும் மூடிட்டான்." ஒரே கைத்தட்டல். தட்டினவங்கள்ல பாதிப் பேர் மில் சோறு தின்னு வளர்ந்தவங்க. நானும் தட்டினேனான்னு கேக்காதீங்க, என் கையில தட்டு இருந்துச்சு.

மூணு மில்லையும் சங்கம் மூடிச்சாம். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதின்னு மூணு துணி மில். அதுல ஏ.எஃப்.டி.யையே, அதாவது ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸையே எடுத்துக்குவோம். 2011 டிசம்பர் 30ல அடிச்ச 'தானே' புயல் எந்த யூனியன்ல மெம்பர்? கூரை போச்சு, மெஷின் நனைஞ்சுது. அதுக்கப்புறம் வேலை குடுக்காம பாதிச் சம்பளம் மட்டும் தர்ற லே-ஆஃப்னு வருஷக்கணக்கா இழுத்து, 2020ல பூட்டினாங்க. பூட்டினது சங்கமா? நம்ம தாத்தா காலத்து மெஷினை மாத்தாம ஓட்டினது சங்கமா? தேர்தலுக்குத் தேர்தல் சிபாரிசுக் கடுதாசியோட ஆளை உள்ள தள்ளினது சங்கமா? சங்கத்துக்கும் அதுல பங்கு உண்டுன்னு சொல்லுங்க, நான் தலையாட்டறேன். "ஒரே காரணம்"னு சொன்னா எப்படிங்க ஆட்டறது?

அவர் பேச்சோட அடுத்த வரிதான் எனக்கு இன்னும் இனிக்குது. "நான் எட்டு மணி நேரம் உழைச்சு முன்னுக்கு வந்தவன்." ஐயா, அந்த எட்டு எங்கேருந்து வந்துச்சு?

1936 ஜூலை 30. அன்னிக்கு அது சவானா மில், நாம சுதேசி மில்லுன்னு சொல்றது. வேலைநிறுத்தம் பண்ணின தொழிலாளிங்க மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டுச்சு. 12 பேர் செத்தாங்க. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்ன நின்ன அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான், 1937ல, இங்க எட்டு மணி நேர வேலையும் சங்கம் வச்சுக்கிற உரிமையும் சட்டமாச்சு. எல்லையில இருக்கிற முள்ளோடையைத் தாண்டி கடலூர்ப் பக்கம் போனா அப்ப பிரிட்டிஷ் இந்தியா. அங்க 1934 சட்டப்படி நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54. அது 48 ஆனது 1946ல. ஒரே கடல், ஒரே உப்புக்காத்து, ஒரே பாஷை. எல்லையைத் தாண்டினா ரெண்டு மணி நேரம் கூட. வருஷா வருஷம் ஜூலை 30 கடலூர் ரோட்ல டிராஃபிக் நிக்குதுன்னு ஸ்டேட்டஸ் போடறீங்களே, அது இந்த 12 பேருக்கு அஞ்சலி செலுத்தத்தான் நிக்குது.

இப்ப அப்பா கதை. தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்க.

அப்பா மில்லுல சேர்ந்தது பதிலியா. எந்த மில்லுன்னு வேண்டாம். பதிலின்னா, உள்ள இருக்கிறவன் லீவு போட்டாதான் உனக்கு வேலை. காலைச் சங்கு ஊதறதுக்கு முன்னாடி கேட்ல போய் நிக்கணும். மேஸ்திரி வந்து விரலை நீட்டுவார். யாரை நோக்கி நீளும்கறது முந்தின நாள் சாயந்தரம் யார் யாருக்கு வெத்தலை பாக்கு வாங்கிக் குடுத்தாங்கங்கறதைப் பொறுத்தது. வெத்தலை பாக்குன்னு நாகரிகமா சொல்றேன். அம்மா உலை வைக்காம காத்திருப்பாங்களாம். சங்கு ஊதி அரை மணி நேரத்துல சைக்கிள் திரும்பி வரலைன்னா அப்பாவுக்கு வேலை கிடைச்சிருச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம்தான் அரிசி களைவாங்க. திரும்பி வந்துட்டா காலைக்குப் பழையதுதான்.

இதை மாத்தினது சங்கம். பதிலிகளுக்கு சீனியாரிட்டி லிஸ்ட் போட்டு கேட்ல ஒட்டணும்னு மாசக்கணக்கா வாயிற்கூட்டம் போட்டாங்க. ஒட்டினாங்க. மேஸ்திரி விரலுக்கு அன்னியோட வேலை போச்சு. அந்த லிஸ்ட்ல எங்கப்பா பேருக்கு ரெண்டு பேர் மேல யார் பேர் இருந்துச்சு தெரியுமா? மைக்குல பேசினாரே, அவரோட அப்பா. நிரந்தரமானதும் ரெண்டு பேரும் சேர்ந்து எங்க வீட்டுக்கு அல்வா வாங்கிட்டு வந்தாங்க. நீயும் நானும்தானே அதைப் பங்கு போட்டோம், மறந்துட்டியா?

பேர் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு "நீ"ன்னு வந்துட்டேன். பரவாயில்ல.

கீழ என்ன கமெண்ட் வரும்னு தெரியும். "தலைவருங்க சந்தாவைத் தின்னுட்டாங்க." தின்னவங்க இருக்காங்க. எங்கப்பாவே பொதுக்குழுவுல எந்திரிச்சு வரவு செலவு கேட்டு, தலைவருங்களோட ரெண்டு வருஷம் பேச்சே இல்லாம இருந்தவர். ஆனா சந்தா கட்டறதை நிறுத்தல. பேங்க்ல கொள்ளை போச்சுன்னு யாரும் பேங்கே வேண்டாம்னு சொல்றதில்லையே.

"கட்சிக்கு ஒரு சங்கம், ஒரே மில்லுக்குள்ள பத்து கொடி." இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. உண்மை. அடுத்ததுக்குப் போவோம்.

"இந்தக் காலத்துல சங்கம் எதுக்கு? கம்பெனியே எல்லாம் செய்யுது." அப்படியா? 1926ல போட்ட தொழிற்சங்கச் சட்டம், அதுல ஒரு சங்கத்தோட பேரைப் பதியறதுக்கு 2024ல சாம்சங் தொழிலாளிங்க ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல 37 நாள் வேலைநிறுத்தம் பண்ணி உக்கார வேண்டியிருந்துச்சு. 2023 ஏப்ரல்ல பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி பண்ணி சென்னை சட்டமன்றத்துல மசோதா நிறைவேத்தினாங்க, ஞாபகம் இருக்கா? மே 1 அன்னிக்கு வாபஸ்னு அறிவிச்சாங்க. கம்பெனிங்க மனசு இளகியா? அப்ப ஆண்ட தி.மு.க.வோட தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கத்தினாங்க, அதான்.

வேலையில இருந்தப்ப உனக்குப் போனஸ் வந்துச்சு, குறைஞ்சது 8.33 சதவீதம். 1965 சட்டம். ரிட்டயர் ஆனப்ப கிராஜுவிட்டி வாங்கி மாடி கட்டினே, வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளக் கணக்கு. 1972 சட்டம். கிரகப்பிரவேசத்துக்கு நான் வந்து மொய் வச்சேன். அந்த மாடியில நின்னுதான் இப்ப யூனியன்காரனைத் திட்டறே.

என் கதைக்கு வரேன், இது கொஞ்சம் கஷ்டம். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில 19 வருஷம் இருக்கேன். கான்ட்ராக்ட். இந்த 19 வருஷத்துல கான்ட்ராக்டர் பேர் நாலு தடவை மாறியிருக்கு, ஒவ்வொரு தடவையும் நான் "புதுசா சேர்ந்தவன்". அதே மெஷின், அதே லாக்கர், புது அட்டை. ஒருநாள் டீ இடைவேளையில ஒரு பையன் சங்கத்துக்கு ஃபாரம் கொண்டு வந்தான். நாலு பேர் கையெழுத்து போட்டாங்க. நான் போடல. பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு சொன்னேன். அடுத்த வாரம் அந்த நாலு பேருக்கும் கேட்ல அட்டை வேலை செய்யல. பூம்னு ஒரு சத்தம், சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நான் உள்ள போயிட்டேன்.

அந்த நாலு பேர்ல ஒருத்தன் இப்ப வில்லியனூர்ல செல்போன் ரிப்பேர் பண்றான். போன மாசம் என் போனை அவன்கிட்டதான் குடுத்தேன். காசு வாங்க மாட்டேன்னுட்டான். அது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை விட வலிச்சுது.

அதனால உன் மேல எனக்குக் கோபமான்னு கேட்டா, கோபம்தான். உன் மேல மட்டும்தானான்னு கேக்காதே.

அடுத்த சந்திப்பு பொங்கலுக்குன்னு குரூப்ல போட்டிருக்கீங்க. நான் வரல. ஆளுக்கு 500 ரூபா வாங்கினீங்களே, திருப்பித் தர வேண்டாம். ஆனா மொத்தம் எவ்வளவு வந்துச்சு, பிரியாணிக்கு எவ்வளவு, ஹாலுக்கு எவ்வளவுன்னு கணக்கைக் குரூப்ல போடுங்க. காசு வாங்கிப் பதினொரு நாளாச்சு.