ஓசிச் சோற்றுக்குப் பலியான கடற்கரை

இனி எந்த ட்ரிப் ஏற்பாட்டாளராவது "வழியில் பத்து நிமிடம் நிறுத்துவோம்" என்றால், அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுங்கள். மலையகத் தோட்டத்திலிருந்து காலிக்குப் பக்கத்திலுள்ள உனவட்டுன கடற்கரைக்குப் போன எங்களுடைய பத்து நிமிடம் இரண்டு மணி நேரத்தையும் தாண்டியது.

எங்கே நிறுத்துவார்கள் என்று உங்களுக்கே தெரியும். சாரதிக்கும் நடத்துநருக்கும் காசில்லாமல் சாப்பாடு போடும் அதே கடையில்தான். இறங்கியதும் இருவரும் உள்ளறைக்குள் போனார்கள். தட்டு நிறையச் சோறு போனது. பொரித்த மீன் போனது. பிறகு முட்டை, அதற்குப் பிறகு தயிர், தேநீர். எங்கள் கையில் விடிவதற்கு முன்பே சுட்டுக் கட்டிய ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்தன. வெளியே காலியாகக் கிடந்த மேசையில் பொதியைப் பிரித்தால், "இங்கே வாங்கிச் சாப்பிடுபவர்கள் மட்டும் உட்காருங்கள்" என்று விரட்டினார்கள். கழிப்பறைச் சாவி கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. ஏதாவது வாங்கினால்தான் வெளியே வரும். ஐந்து வயதுப் பிள்ளை கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது, அங்கே பிஸ்கட் பக்கெட்டுக்கு விலை சொல்கிறார்கள்! ஒருவழியாகச் சாரதி வெளியே வந்தார் என்று நினைத்தால், பின் சீட்டில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எழுப்பப் போனவர்களை ஏற்பாட்டாளர் தடுத்தார்.

பஸ்ஸில் வந்த பெண்களில் பாதிப் பேர் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள். சனிக்கிழமை வேலையை விட்டு வந்தவர்கள். நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக்க 2024 வரை போராட வேண்டியிருந்தது. அந்த ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுக்கொடுத்து வருகிறவர்களுக்கு நேரத்தின் விலை தெரியாதா? ரயிலில் போவதென்றால் கொழும்புக் கோட்டையில் இறங்கி மாறிக் காலிக்குப் போவதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிடும். வேறு வழியில்லை என்பது தெரிந்துதான் இப்படி ஆட்டிவைக்கிறார்கள்.

உனவட்டுனவில் இறங்கியபோது உச்சி வெயில். கடற்கரையின் மேற்கு முனையிலிருந்து ரூமஸ்ஸல குன்றின் மேலாக நடந்து ஜங்கிள் பீச் என்ற சிறு கடற்கரைக்கு இறங்குவதுதான் இந்தப் பயணத்தின் உயிரே. காட்டு நிழலில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற நடை. அந்தப் பக்கம் இறங்கினால் வளைகுடாவுக்கு அப்பால் காலிக் கோட்டை தெரியும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறி விழுந்த துண்டுதான் அந்தக் குன்று என்பார்கள். எங்கள் பெரியம்மா அந்த மண்ணை மிதிக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் காசு சேர்த்தார். அவரிடம்தான் ஏற்பாட்டாளர் சொன்னார்: "நேரமில்லை அம்மா. இங்கேயே காலை நனைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு பஸ் எடுக்க வேண்டும், இருட்டிவிட்டால் மலையேறும் வழியில் பெரகலை வளைவுகளில் பனி மூடிவிடும்."

பனி மூடும் என்பது உண்மைதான். மீனும் தயிரும் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது அது ஏன் நினைவுக்கு வரவில்லை?

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. பேசியபடி நடையைக் காட்டாதவர் அதற்குரிய காசைத் திருப்பித் தர வேண்டும். கேட்டேன், மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

இரவு வந்து சேர்ந்தும் விட்டபாடில்லை. தோட்ட ரோட்டில் பஸ் இறங்காது என்று பிரதான வீதியிலேயே இறக்கிவிட்டார்கள். அரசியல்வாதிகளே, அந்த ரோட்டை எப்போதுதான் போடப்போகிறீர்கள்? தேர்தலுக்குத் தேர்தல் வந்து அளந்துவிட்டுப் போகிறீர்களே! பிரசவ வலி வந்தவளை இன்னும் எத்தனை நாளைக்கு அந்தக் குழிகளில் லொறியில் ஏற்றிக் கொண்டுபோவது?