ஸ்டாக்ஸின் காது கடையில் இருந்தது

கறுப்பின மக்களின் சோல் இசைக்குப் பேர்போன அமெரிக்க லேபிள், அதாவது இசைத்தட்டுக் கம்பெனி, ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ். அதைப் பற்றி யார் எழுதினாலும் அதன் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் உயிரைப் பறித்த விமான விபத்து வரும், இன்னொரு பாடகர் ஐசக் ஹேய்ஸின் ஆஸ்கர் வரும். எஸ்டெல் ஆக்ஸ்டன் ஒரு வரியில் வந்து போவார்: "தம்பிக்காக வீட்டை அடமானம் வைத்த அக்கா". எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த லேபிளை உண்டாக்கியதே எஸ்டெலின் கடை என்பது என் கட்சி.

தம்பி ஜிம் ஸ்டூவர்ட் வங்கி ஊழியர். பிடில் வாசிப்பார், கன்ட்ரி இசைப் பிரியர். கறுப்பின மக்களின் இசை அவருக்கு அப்போது பரிச்சயமே இல்லை. 1957இல் லேபிள் தொடங்குகிறார். அடுத்த வருடம், யூனியன் பிளான்டர்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, அடமானப் பணத்தில் ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவுக் கருவி வாங்கித் தருகிறார். 1960இல் மெம்ஃபிஸின் மெக்லெமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேபிடல் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். சரிவான தரையைச் சமப்படுத்தக் காசில்லை, அப்படியே விட்டார்கள். அந்தப் பதிவுகளின் கனத்த ஒலியில் அந்தச் சரிவுக்கும் பங்குண்டு என்பார்கள். திரை இருந்த மேடை கன்ட்ரோல் ரூம் ஆனது.

முன்பக்கம் மிட்டாய், பாப்கார்ன் விற்ற இடத்தில் எஸ்டெல் ரெக்கார்டு கடை போட்டார். விஷயமே இங்கேதான். சுற்றிலும் கறுப்பின மக்கள் வாழும் பேட்டை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து பாட்டுக் கேட்பார்கள். அவர் யாரையும் விரட்டவில்லை. பூக்கர் டி. ஜோன்ஸ் அப்படி வந்த பையன். கல்லாவில் நின்றவர் வெள்ளைக்காரரான ஸ்டீவ் கிராப்பர். இருவரும் பின்னாளில் ஸ்டாக்ஸ் பதிவுகளில் வாசித்த இசைக்கலைஞர்கள். எதிரே மளிகைக் கடையில் வேலை பார்த்த டேவிட் போர்ட்டர் பின்னாளில் ஐசக் ஹேய்ஸோடு சேர்ந்து பாட்டாக எழுதித் தள்ளினார். இத்தனைக்கும் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊர் அது.

உள்ளே பதிவான பாட்டை எஸ்டெல் வெளியே கடையில் போட்டு, வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பார். கால் தாளம் போடுகிறதா, இன்னொரு தடவை போடச் சொல்கிறார்களா? வேறு கம்பெனிகளின் எந்த ரெக்கார்டு விற்கிறது, ஏன் விற்கிறது என்பதையும் உள்ளே இருப்பவர்களுக்குப் பாடமாக எடுப்பார். 1961இல் 'லாஸ்ட் நைட்' பதிவை வெளியிட விடாப்பிடியாக நின்றவரும் அவர்தான். (அதில் அவர் மகன் சாக்ஸபோன் வாசித்தார், தாய்ப்பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) அது தேசிய ஹிட். அதே வருடம்தான் ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் இரு பெயர்களின் முன்னெழுத்துகள் சேர்ந்து 'ஸ்டாக்ஸ்' ஆனது.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. 1967 டிசம்பரில் ஓடிஸ் போனார். அடுத்த வருடம், பழைய பதிவுகளின் மாஸ்டர் உரிமை (மூலப் பதிவின் சொந்தம்) எல்லாம் ஸ்டாக்ஸ் ரெக்கார்டுகளை விநியோகித்த அட்லான்டிக் கம்பெனிக்கே என்று ஒப்பந்தத்தில் இருப்பது தெரியவந்தது. ஜிம் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். வங்கிக்காரர்!

இத்தனைக்குப் பிறகும் ஸ்டாக்ஸ் நிர்வாகி அல் பெல் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார், மறுக்கவில்லை. 1969இல் ஒரே வீச்சில் 27 ஆல்பங்கள் இறக்கினார். ஆனால் அவரோடு ஒத்துப்போகாமல் அதே வருடம் எஸ்டெல் வெளியேறினார். 1972இல் விநியோகம் சிபிஎஸ் என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனியின் கைக்குப் போனது. அவர்களுக்குப் பெரிய கடைகள்தான் கண்ணில் பட்டன. கறுப்பினப் பேட்டைகளின் சின்னக் கடைகளுக்குச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. எந்த மாதிரிக் கடையில் பிறந்ததோ அந்த மாதிரிக் கடைகளிலேயே ஸ்டாக்ஸ் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டுமா? 1975 டிசம்பரில் திவால். கழுத்தைப் பிடித்த கடன்காரர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? எஸ்டெல் முன்பு வேலை பார்த்த அதே யூனியன் பிளான்டர்ஸ் வங்கி.

எஸ்டெல் என்ன ஆனார்? ஃப்ரீடோன் என்று இன்னொரு குட்டி லேபிள் நடத்தினார். 1976இல் ஒரு ரேடியோ அறிவிப்பாளரை வைத்து 'டிஸ்கோ டக்' என்ற வாத்துப் பாட்டை வெளியிட்டார். என்னால் முழுசாகக் கேட்க முடியாத பாட்டு. அமெரிக்காவில் முதலிடம்.